ஓடிட்டாரு

கோவில்பதாகை
20-1-1994

உத்தமனுக்கு,

அன்னிக்கு ஏரிக்கு வந்தவங்க பேரைச் சொல்றேன், கேட்டுக்கோ. உங்க தாத்தா பக்தவத்சலம், இப்ப இல்லை. உன் மாமன் பால்ராஜ். அவன் பொண்டாட்டி வனஜா, அப்போ அவளுக்கு ஏழு மாசம். டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல உங்கம்மாவுக்குப் பக்கத்து ஊட்டுக்காரி தாட்சாயிணி. நான். உங்கம்மா பஞ்சவர்ணம், தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்த பச்சை சேலை கட்டிகினு. உங்கப்பன் வீரராகவன். கடைசியா நீ, ஒம்பது வயசு, கையில ஒரு கரும்புத் துண்டு. எட்டுப் பேரு போனோம். ஏழு பேரு நடந்து வந்தோம்.

எண்பத்திரெண்டு காணும் பொங்கல். நீ என்னமோ "பன்னெண்டு வருசம் ஆச்சு ஆயா, அதை வுட்டுடு"ன்னு எழுதியிருக்கே. படிச்சவங்க எழுதி வெச்சுட்டு மறந்துடுவாங்க. நான் மூணாங் கிளாஸ். எழுதி வெக்கலை, அதனால மறக்கலை.

நீ, உங்கம்மா, உங்கப்பன் மூணு பேரும் கோரைப் புல்லுக்கு அந்தாண்ட போனீங்க. அங்க செங்கல் சூளைக்காரன் மண்ணு வெட்டின பள்ளம் கீது, மேல தண்ணி, அடியில சேறு. நாங்க அத்தனை பேரும் இந்தாண்ட. கோயில் ஒலிபெருக்கி கத்துற கத்துல எவன் கூப்பிட்டாலும் கேக்காது. நான் தயிர் சோத்துப் பானையைத் தூக்கிகினு கரை மேல வரேன், நீ எதிர்க்க ஓடியாறே. மூஞ்சி வெளுத்துக் கீது. "உங்கப்பன் எங்கடா?"ன்னேன். "ஓடிட்டாரு"ன்னே. அந்த ஒரு வார்த்தை. பானை அங்கயே உடைஞ்சிது.

உங்கம்மாவை பால்ராஜும் தாத்தாவும் தூக்கியாந்து கரையில போட்டாங்க. அதுக்கப்புறம்தான் உங்கப்பன் வந்தான், வெறுங்கையோட. கை ரெண்டும் கிழிஞ்சி ரத்தம். ஓடுற ஓட்டத்துல முள்ளுல உழுந்திருப்பான். பால்ராஜ் அடிச்சான், வாங்கிகினான். ஏண்டா ஓடுனேன்னு கேட்டோம். வாயைத் தொறக்கலை. பொண்டாட்டி சேத்துல மாட்டிகினா, புருசன் உசுரு பொழச்சா போதும்னு ஓட்டம். ஓமலூர்க்காரனுக்குப் பொண்ணு குடுக்காதேன்னு எங்கக்கா தலையால அடிச்சிகினா.

சேலை பொட்டியில அப்பிடியே கீது. தலைப்புல ஒரு முடிச்சு. அவ என்னாத்தை முடிஞ்சு வெச்சாளோ, நான் அவுக்கலை.

இந்தப் பொங்கலுக்கும் உங்கப்பன் வந்தான். பூவை வெச்சிகினு வாசல்ல நின்னான். "அத்தே, ஒரு தபா உள்ள வந்து படத்துக்குப் போட்டுட்டுப் போயிடறேன்"னான். வருசா வருசம் இதே பாட்டு. நான் பேசலை. அவன் போனப்புறம் நின்ன எடத்துல சாணி தெளிச்சேன். நீ இருந்தவரைக்கும் வாளியில தண்ணி மொண்டு குடுப்பே. இப்ப நானே குனிய வேண்டிக் கீது.

ஆப்பிரிக்காவுல லாரி ரிப்பேர் வேலைன்னு சொல்லித்தானே போனே? இப்ப வெள்ளைக்காரனுக்குப் பின்னால டீ தூக்குறேன்னு எழுதுறே. இங்க அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிங்கள்ல டீ தூக்க ஆள் தேவைப்படலையா?

ஆயா பூங்காவனம்


லுவாங்வா பள்ளத்தாக்கு, ஜாம்பியா
27-2-1994

அன்புள்ள ஆயாவுக்கு உத்தமன் எழுதிக்கொள்வது.

நலம். இங்கே இப்போது மழைக்காலம். ரோடெல்லாம் கறுப்புச் சேறு. காடு பார்க்க வருகிறவர்கள் தங்குகிற எங்கள் கேம்ப்பை மூடிவிட்டார்கள், ஏப்ரல் வரை விருந்தாளிகள் கிடையாது. தலைநகர் லுசாகாவில் பாடம் நடத்துகிற நம்ம ஊர் வாத்தியார் உலகநாதன் பழைய வாரப் பத்திரிகைக் கட்டு ஒன்று அனுப்பினார். ராசிபலன் வரைக்கும் படித்துவிட்டேன்.

டீ தூக்குவது நீ நினைப்பது மாதிரி இல்லை, ஆயா. இங்கே காட்டுக்குள் நடந்தே கூட்டிப் போவார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தர். முதலில் துப்பாக்கிக்காரர். அடுத்தது கைடு, அவர்தான் வழி காட்டுகிறவர். அப்புறம் விருந்தாளிகள். கடைசியில் டீக்கூடை தூக்குகிறவன். போன சீசன் முழுக்க நான் அந்தக் கடைசி ஆள். கடைசியில் நடக்கிறவனுக்குப் பின்னால் யாரும் இல்லை, அதனால் எல்லாரையும் விட அவன்தான் அதிகம் திரும்பிப் பார்க்கிறான். அதைப் பார்த்துவிட்டுத்தான் கைடு வேலைக்குப் படிக்கிறாயா என்று கேட்டார்கள். ஜூன் மாதம் பரீட்சை. பாஸ் ஆனால் லைசன்ஸ்.

சொல்லிக்கொடுக்கிறவர் பெயர் மிஸ்டர் பிரி. நாலு வகைச் சாணியை வரிசையாக வைத்துவிட்டு எது யாருடையது என்று கேட்கிறார். தடம் பார்க்கவும் பழக்குகிறார். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், கழுதைப்புலியால் முடியாது, நகம் மண்ணில் பதியும். எல்லாவற்றையும் விட ஒரு விதியைத்தான் தினமும் சொல்ல வைக்கிறார். எது எதிரே வந்தாலும் ஓடாதே. நில். ஓடினால் நீ இரை.

அதை மட்டும் அவர் மூன்று தடவை கேட்டால்தான் சொல்கிறேன்.

ஆயா, நீ எழுதினதைப் படித்தேன். அப்பா நின்ற இடத்தில் இனி சாணி தெளிக்காதே. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு வானகரத்தில் ஒரு ரூமில் தனியாக இருக்கிறார். மூச்சு வாங்குகிறதாம். ஒரே ஒரு தடவை உள்ளே விடு. எனக்காக.

உன் பேரன்
உத்தமன்


கோவில்பதாகை
11-4-1994

உத்தமனுக்கு,

சாணியைப் பார்த்து யாருதுன்னு சொல்றதுக்குப் பரீட்சையா? நாலு எருமை வெச்சிருந்தவ நான். எந்த எருமைக்கு வயிறு சரியில்லைன்னு வரைக்கும் சொல்லுவேன். எனக்கு எவன் லைசன்ஸ் குடுத்தான்?

எருமையைக் கண்டா அங்க எல்லாரும் பயப்படுறாங்கன்னு முன்ன ஒரு கடுதாசியில எழுதியிருந்தே. பால்ராஜ்கிட்ட படிச்சுக் காட்டினேன். "நைனாவை அனுப்பினா வால முறுக்கி வண்டியில கட்டியிருப்பாரு"ன்னான். தாத்தா போனதுலேர்ந்து இந்த ஊட்டுல நான் சிரிச்சது அன்னிக்குத்தான்.

ஓடாதே, நில்லுன்னு சொல்லித் தராங்களா. நல்ல படிப்பு. உங்கப்பனை மொதல்ல அங்க சேத்திருக்கணும்.

உள்ள உடுன்னு எழுதாதே. எனக்காகன்னு எழுதாதே. உனக்காக நான் செய்யாதது இன்னா கீது? அம்மா செத்த பதினாறாம் நாள் உன்னை இடுப்புல தூக்கிகினு வந்தேன், ஒம்பது வயசுப் பையனை. கால் தரையில இழுத்துகினு வந்துது. ராத்திரியில நீ கையை மூடிகினு தூங்குவே. ஒவ்வொரு வெரலா நான் பிரிச்சு வுடுவேன். வனஜா தன் புள்ளைக்குத் தனியா முட்டை வெச்சு உனக்கு வெக்கலைன்னு அவளோட எட்டு மாசம் பேசலை. இன்னும் அதுல பாதிக் கோவம் மிச்சம் கீது.

மூச்சு வாங்குதா அவனுக்கு. என் பொண்ணுக்கும் வாங்கியிருக்கும், சேத்துக்குள்ள.

ஆயா


லுவாங்வா
19-6-1994

ஆயாவுக்கு,

பரீட்சையில் தேறவில்லை.

எழுத்துப் பரீட்சையில் எண்பத்தேழு மார்க். நடைப் பரீட்சையில்தான். மிஸ்டர் பிரியும் வேறு இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரி பின்னால் வந்தார்கள். கடைசியில் டீக்கூடையோடு ஒரு புது ஆள். துப்பாக்கிக்காரருக்கு அடுத்து நான். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆற்றோரப் புதரைத் தாண்டும்போது ஒரு பெண் யானை, குட்டியோடு. எங்களைப் பார்த்ததும் காதை விரித்து வந்தது. அது பொய்ப் பாய்ச்சல், ஆயா. காதை விரித்து, சத்தம் போட்டு வந்தால் பெரும்பாலும் பயமுறுத்தத்தான். பாடத்தில் படித்திருக்கிறேன். கேட்டால் தூக்கத்தில் சொல்லுவேன்.

ஓடிவிட்டேன்.

எனக்குப் பின்னால் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். புது ஆள் கூடையோடு கீழே விழுந்தான். மிஸ்டர் பிரி நின்ற இடத்திலேயே நின்று தொப்பியைத் தொடையில் தட்டி என்னமோ சொன்னார். பதினைந்து அடியில் யானை நின்றது, தலையை ஆட்டியது, குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அவர் திட்டவில்லை. என்னைத் திருப்பிக் கூட்டிப்போய் என் தடத்தையே காட்டி, படி என்றார். குதிகால் பதியவே இல்லை. விரல் மட்டும் மண்ணைக் கிழித்திருந்தது. பக்கத்தில் மற்றவர்கள் நின்ற தடம் முழுசாக, அமைதியாக. "இது இன்றைக்குப் பழகின ஓட்டம் இல்லை" என்றார்.

ஆகஸ்டில் இன்னொரு தடவை எழுதலாமாம். அதற்குள் நான் ஒன்றைச் சரி பண்ண வேண்டும். உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு தாள் எழுதிக் கிழித்தேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அப்பாவைப் போய்ப் பார், ஆயா. தயவு செய்து.

உத்தமன்


கோவில்பதாகை
14-7-1994

உத்தமனுக்கு,

அப்பன் ரத்தம். வேற இன்னா சொல்றது. சோறு போட்டேன், சட்டை தெச்சுக் குடுத்தேன், ஐ.டி.ஐ.யில சேர்த்தேன், ரத்தத்தை நான் மாத்த முடியுமா? அவன் பஞ்சவர்ணத்தை உட்டு ஓடினான். நீ டீக்காரனை உட்டு ஓடுனே. யானையாவது நின்னுது. சேறு நிக்குமா?

இன்னொண்ணும் கேட்டுக்கோ. உங்கப்பனை ஆஸ்பத்திரியில சேத்துக் கீதாம். தாட்சாயிணி வந்தா. அவதான் சோறு கொண்டுபோய்க் குடுக்குறாளாம், அவளுக்கு இன்னா தலையெழுத்தோ. "அக்கா, அந்தாளு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. சாவறதுக்குள்ள ஒரு தபா பஞ்சவர்ணம் படத்துக்குத் தன் கையால பூ போடணுமாம். ஆட்டோ வெச்சுக் கூட்டியாறேன், அஞ்சு நிமிசம்"னா.

"பொணமா தூக்கியாந்தாலும் வாசப்படி தாண்ட உடமாட்டேன்"னு சொன்னேன்.

"அப்ப படத்தையாவது குடு, எடுத்துகினு போய்க் காட்டுறேன்"னா.

அதையும் குடுக்கலை. தாட்சாயிணி அழுதுகினே போனா. நான் அழலை. சொல்லி அனுப்புனதை உனக்கும் எழுதிடணும்னுதான் எழுதுறேன். நாளைக்கு நீ வந்து ஏன் சொல்லலைன்னு கேக்கக் கூடாது.

என்னமோ சொல்லணும்னு எழுதியிருக்கியே. அங்க எவளையாவது கட்டிகினியா? அது எதுவா இருந்தாலும் நேரா எழுது.

ஆயா


லுவாங்வா
14-8-1994

ஆயாவுக்கு,

நேராக எழுதுகிறேன்.

அம்மா பள்ளத்தில் சறுக்கினது என் கரும்பால். கையிலிருந்து தண்ணீரில் விழுந்துவிட்டது, எடுக்கப் போனாங்க. இடுப்பு வரை சேற்றில் இறங்கிவிட்டாங்க. அப்பா சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவர் பாரத்துக்குக் கரை இடிந்து சரிந்தது. இரண்டு தடவை அவரும் சறுக்கினார். மூன்றாவது தடவை இழுத்திருந்தால் கரை மொத்தமும் அம்மா மேல் விழுந்திருக்கும். கத்தினார், யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது தலைப்பில் ஒரு முடிச்சுப் போட்டார். ஃபேக்டரியில் எஞ்சின் தூக்குகிற கயிற்றில் போடுவாரே, அந்த மாதிரி வளையம் விட்ட முடிச்சு. என் கையை அதுக்குள்ளே விட்டார். "நீ இலேசு, உனக்குக் கரை தாங்கும். இழுக்க வேண்டாம், சாமி. பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும், அம்மா சாயமாட்டா. நான் சூளைக்குப் போயிக் கயிறும் மூங்கிலும் கொண்டாறேன். எது ஆனாலும் ஓடாதே"ன்னார். ஓடினார்.

நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாங்க. சேறு மார்புக்கு வந்தது, தண்ணீர் தாடைக்கு வந்தது. சேலை இறுகி என் மணிக்கட்டை இழுத்தது. அம்மா "போடா"ன்னு சொன்ன மாதிரி இருந்தது. சொன்னாங்களா, நானாக நினைத்துக்கொண்டேனா, இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. கையை உருவிக்கொண்டு ஓடினேன்.

கரை மேல் நீ வந்தாய். அப்பா எங்கே என்றாய். "ஓடிட்டாரு" என்றேன். அது நிஜம்தான். கயிறுக்கு என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நீ அதற்குள் கத்த ஆரம்பித்தாய். நான் விட்டுவிட்டேன். அந்த ஒரு வார்த்தை என்னை மறைத்துக்கொண்டது.

சூளை பொங்கலுக்குப் பூட்டியிருந்தது, ஆயா. பூட்டை வெறுங்கையால் உடைக்கப் பார்த்திருக்கிறார். அந்த ரத்தம் முள் குத்தினது இல்லை. திரும்பி வந்தபோது வெறும் முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாமா அடித்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. என்னால்.

பெரியவனான பிறகு ஆவடி ஸ்டேஷனில் அவரை ரகசியமாகப் பார்ப்பேன். ஆயாகிட்டே சொல்லிவிடட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "வேண்டாம். உன்னை வெளிய தள்ளிட்டா எங்கடா போவே? எனக்குக் குவார்ட்டர்ஸ் இருக்கு"ன்னார். நானும் சரி என்றேன்.

நேற்று நடைப் பரீட்சை. இதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டுத்தான் போனேன், முகவரி மட்டும் எழுதவில்லை. ஆற்றில் ஒரு எருமை எதிரே வந்தது. நின்றேன். திரும்பி வந்து உறையைப் பிரித்து, இந்த நாலு வரியைச் சேர்த்து அனுப்புகிறேன். அவரை உள்ளே விடு, ஆயா. இது கிடைத்த அன்றைக்கே போ.

உத்தமன்


கோவில்பதாகை
9-9-1994

உத்தமா,

உன் கடுதாசி போன திங்கக்கெழம வந்துது. உங்கப்பன் அதுக்கு ஒம்பது நாள் முன்னாடியே போயிட்டாரு. தந்தி குடுத்ததா தாட்சாயிணி சொன்னா, இந்நேரம் உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

அன்னிக்குக் காலையில அவ வந்து வாசல்ல நின்னு சொல்லும்போது நான் மொளகா காய வெச்சிகினு இருந்தேன். எழுந்திரிக்கலை. "எவன் செத்தா எனக்கு இன்னா"ன்னேன். ஃபேக்டரி ஆளுங்க நாலு பேரு தூக்குனாங்களாம். கொள்ளி வெக்க ஆள் இல்லைன்னு தாட்சாயிணி புருசன் வெச்சானாம்.

கடுதாசியை ரெண்டு தபா படிச்சேன். பொட்டியைத் தொறந்து சேலையை எடுத்தேன். பொம்பளைங்க சில்லறை முடியுற முடிச்சு இல்லை அது. ரெண்டு சுத்து சுத்தி நடுவுல ஒரு வளையம். என் கையை உட்டுப் பாத்தேன், நுழையலை. பால்ராஜ் பொண்ணு கையை உடச் சொன்னேன், நுழைஞ்சிது. பன்னெண்டு வருசம் என் பொட்டியிலயே கெடந்துது. எருமைச் சாணி பாத்துச் சொல்லுவேன்னு பீத்திகினேனே, இதைப் பாக்கத் தெரியலை எனக்கு.

தாட்சாயிணி ஊட்டுக்குப் போனேன். அவ உள்ள வான்னு சொல்லலை. வாசல்லயே நின்னேன். ஃபேக்டரி கார்டுல ஒட்டின ஃபோட்டோ ஒண்ணு வெச்சிருந்தா. கேட்டேன். ரொம்ப நேரம் குடுக்கலை, அப்புறம் குடுத்தா. ஆவடியில ஸ்டுடியோவுல பெருசா போட்டு, பஞ்சவர்ணத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டேன். பூ போட்டேன். அது அவரு கையால போட்ட பூ ஆவாது. எனக்குத் தெரியும்.

பால்ராஜ்கிட்ட சொன்னேன். அடிச்ச கையைப் பாத்துகினே உக்காந்துட்டான், சாப்பிட வரலை. அவன் மேல எனக்குக் கோவம் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு அடிச்சான். தாத்தா போய்ச் சேந்துட்டாரு. வனஜா மேல வழக்கு வேற கீது, அது முட்டைக்கு. நான் பண்ணுனதுக்கு எனக்கு எவனும் மன்னிப்புக் குடுக்க வேணாம், நான் கேக்கவும் மாட்டேன். வெடிஞ்சா எழுந்து அந்த வாசலைத்தான் பெருக்குறேன். அது போதும் எனக்கு.

முடிச்சுலேர்ந்து கையை உருவின ஒம்பது வயசுப் பையன் மேலயும் எனக்கு ஒண்ணும் இல்லை. அந்தக் கையில எவ்ளோ பலம் இருக்கும்னு சோறு ஊட்டுனவளுக்குத் தெரியும். உங்கம்மா போடான்னுதான் சொல்லியிருப்பா. அவ சொல்லக் கூடியவதான்.

ஆனா நீ ஒம்பது வயசோட நிக்கலையே. பத்தாச்சு, பதினஞ்சாச்சு, மீசை வந்துது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தாளு பூவோட வந்து நின்னாரு. நீ உள்ள உக்காந்துகினு பொங்கல் தின்னே. நான் அவரை வாய்க்கு வந்தபடி பேசுனேன், நீ கேட்டுகினே இருந்தே. நான் வாளியை எடுத்தா, நீ போயி தண்ணி மொண்டு குடுத்தே. அவரு நின்ன எடத்துல தெளிக்கிற சாணிக்கு, நீ. சொல்லாதேன்னு அவரு சொன்னாருன்னு எழுதியிருக்கே. அவரு அப்பன், சொல்லுவாரு. நீ ஏன் சரின்னே?

எருமைக்கு முன்னால நின்னேன்னு எழுதியிருக்கே. அது இன்னா பண்ணும், முட்டும். என் முன்னால நின்னிருக்கணும்.

லைசன்ஸ் குடுப்பாங்க, வாங்கிக்கோ. பின்னால வரவங்களைப் பத்திரமா கூட்டிகினு போ. ஊருக்கு வந்தா வா. சோறு போடுறேன், பாய் போடுறேன், எண்ணெய் தேச்சு உடுறேன். மன்னிப்பு மட்டும் கேக்காதே. அன்னிக்கு ஏரிக்குப் போன எட்டுப் பேருல நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான். பன்னெண்டு வருசமா அவன் பேரைத் தப்பா சொல்லிகினு இருந்தேன். அவன் பேரு உத்தமன்.